பதின்பருவ மனநலமும் பள்ளி இடைநிற்றலும்

பள்ளிப் படிப்பை முடிக்காமல் மாணவர் நின்றுவிடுவதைக் கல்வித் துறை இடைநிற்றல் என்கிறது. வறுமை, வேலை, குழந்தைத் திருமணம், பள்ளியின் தொலைவு ஆகியவை இதற்கான காரணங்களாக நெடுங்காலமாகப் பேசப்படுகின்றன. மனநலம் இந்தப் பட்டியலில் தாமதமாகவே இடம்பிடித்தது. தேசிய மாதிரி ஆய்வுகளில் 'படிப்பில் ஆர்வமில்லை' என்பதும் ஒரு காரணமாகப் பதிவாகிறது. விசாரித்தால் 'குடும்பச் சூழ்நிலை' என்பார்கள். இந்த இரண்டு சொற்களுக்குள்ளும் கண்டறியப்படாத மனச்சோர்வோ, பதற்றமோ, கற்றல் குறைபாடோ ஒளிந்திருக்கக்கூடும்.

பதினான்கு வயது

மனநலக் கோளாறுகள் எந்த வயதில் தொடங்குகின்றன என்று 192 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வு ஒன்று 2021இல் வெளியானது. அவை தலைகாட்டுவது 14.5 வயதில் உச்சம் தொடுகிறது என்றும், பாதிக்கப்படுவோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு 14 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்றும் அது காட்டியது.

இந்தியாவில் இதே வயதில் வேறு சிலவும் வந்து கூடுகின்றன. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குமே பொருந்தும். 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைச் சில விலக்குகளுடன் தடைசெய்த 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம், அதற்கு மேற்பட்டோருக்கு ஆபத்தான தொழில்களை மட்டுமே விலக்குகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் நெருங்குகிறது. ஆக, மனம் தளரத் தொடங்கும் வயதிலேயே சட்டத்தின் பிடியும் தளர்கிறது. 2021-22 கல்வியாண்டுக்கான ஒன்றிய அரசின் கணக்கில் இது தெரிகிறது: இடைநிற்றல் தொடக்க நிலையில் 1.5 சதவீதம், அடுத்த நடுநிலையில் 3 சதவீதம், ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் 12.6 சதவீதம். இந்தத் தாவலுக்கு மனநலம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதை விட்டுவிட்டு இந்த எண்ணை விளக்கவும் முடியாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுடையோரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 98 லட்சம் பேர்.

எது முதலில்?

மனச்சோர்வுள்ள பிள்ளைக்குப் பாடத்தில் மனம் நிற்காது. தூக்கம் கெடும், மதிப்பெண் குறையும், பிறகு பள்ளிக்குப் போகவே கூச்சமாக இருக்கும். மறுபுறம், பள்ளியை விட்ட பிள்ளை நண்பர்களையும் அன்றாட ஒழுங்கையும் ஒருசேர இழக்கிறது. 'படிக்காதவன்' என்ற சொல்லைச் சுமக்கிறது. அது மனநலத்தை மேலும் கெடுக்கிறது. எனவே தொடர்பு இருவழிப்பட்டது. இரண்டுக்கும் பின்னால் வறுமை, குடும்ப வன்முறை, சாதிப் பாகுபாடு போன்ற பொதுக்காரணங்களும் நிற்கலாம்.

மனச்சோர்வைவிடக் கவனக்குறைபாடும் நடத்தைக் கோளாறுகளுமே இடைநிற்றலுடன் வலுவாகத் தொடர்புடையவை என்று பல ஆய்வுகள் கூறிவந்தன. மனச்சோர்வின் பங்கு ஏன் மங்கலாகத் தெரிந்தது என்பதற்குக் கனடாவின் மொன்றியல் வட்டாரத்தில் 545 மாணவர்களிடம் நடந்து, 2018இல் வெளியான ஆய்வு விடை தந்தது. அதற்கு முந்தைய ஆய்வுகள் பல, மாணவர் பள்ளியை விடுவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ முன்பிருந்த மனநிலையை அளந்தன. மொன்றியல் ஆய்வு கடைசி மூன்று மாதங்களை விசாரித்தது. அந்த மூன்று மாதங்களில் கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் பள்ளியை விடும் வாய்ப்பு, மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. நாள்பட்ட நோயாக இல்லாமல் அண்மையில் வந்த மனச்சோர்வும் ஒருவரைப் பள்ளியிலிருந்து வெளியே தள்ளிவிடும் என்பது இதன் பொருள். உதவி அந்த வாரங்களிலேயே கிடைத்தாக வேண்டும்.

வருகைப் பதிவேடு

இடைநிற்றல் ஒரே நாளில் நிகழ்வதில்லை. காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று தொடங்கும். விடுமுறை நாளில் அந்த வலி இருக்காது. வீட்டில் அதை நடிப்பு என்பார்கள். பதற்றம் உடல்வலியாக வெளிப்படுவது மருத்துவம் அறிந்த உண்மை, வலி மெய்யானது. திங்கட்கிழமை விடுப்பு, தேர்வு நாள் விடுப்பு, பிறகு தொடர் விடுப்பு என்று அது வளரும். வகுப்பில் முரண்டு பிடிக்கும் மாணவனுக்கு 'அடங்காதவன்' என்ற பெயரும் கையில் டி.சி.யும் கிடைக்கின்றன. ஓசையின்றிக் கடைசி இருக்கையில் ஒடுங்கிப்போகும் மாணவியை எவரும் கவனிப்பதில்லை. வருகைப் பதிவேடு இந்த இருவரையும் காட்டுகிறது. மனநலச் சிக்கலுக்குப் பள்ளியில் இருக்கும் மிக எளிய அறிகுறிக்கருவி அதுதான்.

பீகார் சோதனை

கோவாவைச் சேர்ந்த சங்கத் அமைப்பு பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திய சோதனை, பள்ளியிலேயே உதவி அளித்தால் பலன் கிடைக்குமா என்பதற்கு இந்தியச் சூழலுக்கு நெருக்கமான சான்று. சச்சின் ஷிண்டே, விக்ரம் பட்டேல் உள்ளிட்டோர் அதன் முடிவுகளை 2018இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். ஒரு பகுதிப் பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற, மனநலத் துறை சாராத ஆலோசகர்கள் பணியாற்றினர். இன்னொரு பகுதியில் ஆசிரியர்களே அந்தப் பொறுப்பை ஏற்றனர். மீதிப் பள்ளிகளில் இரண்டும் இல்லை. காலைக் கூட்டத்தில் பேசுவது, சுவர்ப் பத்திரிகை, மாணவர்கள் மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை எனப் பணிகள் எளியவை. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வு, கேலிக் கொடுமை, வன்முறை ஆகியவை குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

இடைநிற்றலைக் குறைப்பது இச்சோதனையின் முதன்மை அளவீடு அல்ல. எனினும் அது கற்பிப்பது தெளிவு: பாடம், தேர்வு, பதிவேடு எனச் சுமை நிறைந்த ஆசிரியரின் தோளில் இன்னொரு பணியாக மனநலத்தை ஏற்றினால் வேலை நடக்காது. அதற்கெனத் தனியாக ஒருவர் வேண்டும். அவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

கிடைக்கும் உதவி

வளரிளம் பருவத்தினர் நலத்துக்கான தேசியத் திட்டம் 2014இல் தொடங்கியது. மனநலம் அதன் ஆறு பிரிவுகளில் ஒன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசுச் செலவில் சிகிச்சை பெறும் உரிமையை அளிக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.