பேரரசனின் வெள்ளரிக்காயும் பத்தடிக் குழாயும்

ரோமாபுரியை கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட பேரரசன் டைபீரியஸுக்கு வெள்ளரிக்காய் என்றால் உயிர். தினமும் சாப்பாட்டில் அது இருந்தாக வேண்டும். கோடையில் பிரச்சினை இல்லை. குளிர்காலத்தில் என்ன செய்வது? அவனுடைய தோட்டக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சக்கரம் வைத்த பாத்திகளில் கொடியை வளர்த்தார்கள். வெயில் அடித்தால் வெளியே தள்ளுவார்கள். குளிர் கடுமையானால் உள்ளே இழுத்து, ஒளி ஊடுருவும் கல் தகடுகளின் கீழே வைத்துவிடுவார்கள். மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்று நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார். (அது இன்றைய வெள்ளரி அல்ல, முலாம்பழக் குடும்பத்தைச் சேர்ந்த நீளமான காய் என்று இப்போதைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது வேறு கதை.)

அந்தக் கல் ஒருவகை ஜிப்சம். ஏடு ஏடாகப் பிரியும், கண்ணாடி போல ஒளியை விடும். அதன் உயர்ந்த ரகம் ஸ்பெயினில் செகோபிரிகா பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டப்பட்டது. சுரங்கத்தில் வெட்டியெடுத்த கல்லைக் கொண்டு காய்கறியைக் காப்பாற்றுவது பேரரசனுக்குத்தான் கட்டுப்படியாகும். குளிர்காலத்தில் பச்சைக் காய் சாப்பிடுவது அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் பணக்காரர்களின் விஷயமாகவே இருந்தது.

நம்மூரில் வருடம் முழுக்கக் கீரை கிடைப்பதால் இந்தக் கஷ்டம் நமக்குப் புரிவது கடினம். ஊட்டியில் ஜனவரி மாதம் உறைபனி விழுந்து தேயிலை கருகுவதைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் புரியும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல மாதங்களுக்கு மண்ணே உறைந்து போகும். சேமித்து வைத்த கிழங்கும் உப்பில் ஊறிய முட்டைக்கோஸும்தான் சாதாரண மக்களின் குளிர்காலச் சாப்பாடு.

இந்த நிலைமையைப் பெரிய அளவில் மாற்றியவர்கள் பாரிஸ் நகரத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் நகரத்துக்குள்ளேயும் ஓரங்களிலும் சிறு சிறு நிலங்களில் இவர்கள் பயிர் செய்தார்கள். இவர்களுக்கு இரண்டு மூலதனங்கள். ஒன்று குதிரைச் சாணம். மோட்டார் கார் வராத காலம் அது. பாரிஸ் தெருக்களில் ஓடிய குதிரைகளின் லாயங்களிலிருந்து சாணம் மலை மலையாக வரும். அது மக்கும்போது வெளியாகும் சூட்டின் மேல் மண் பரப்பி விதைப்பார்கள். இன்னொன்று கண்ணாடி மணி. கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது போல, சுமார் 40 செ.மீ. அகலத்தில், செடிகளுக்கு மேல் கவிழ்க்கும் மூடி.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதில் இருந்த உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் கீரை வெந்துவிடும். அதனால் ஒவ்வொரு மணியையும் ஒரு பக்கம் தூக்கி, வெட்டுகள் போட்ட குச்சியால் முட்டுக்கொடுக்க வேண்டும். மாலையில் இறக்க வேண்டும். இரவு கடுங்குளிர் என்றால் வைக்கோல் பாய் போர்த்த வேண்டும். ஒரு தோட்டத்தில் ஆயிரக்கணக்கான மணிகள்! வருடக்கணக்கில் சாணம் போட்டு உருவாக்கிய மண், தோட்டக்காரரின் சொத்தாகவே கருதப்பட்டது. குத்தகை முடிந்து வேறு இடம் போகும்போது மேல்மண்ணையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக உரிமை இருந்தது என்று ரஷ்ய சிந்தனையாளர் குரோபோட்கின் எழுதுகிறார். 20ஆம் நூற்றாண்டில் கார் வந்தது, குதிரை போனது. நகரம் விரிந்து நிலத்தின் விலையும் ஏறியது. பாரிஸ் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

கல் தகடு, கண்ணாடி இரண்டுக்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. விறைப்பானவை. அதனால் கண்ணாடி மணி தானாகவே நிற்கும். ஆனால் கனம் அதிகம், விலை அதிகம், கீழே விழுந்தால் உடைந்தும் போகும். அடுத்து வந்த பொருள் இதற்கு நேர் எதிரானது.

1933 மார்ச் மாதம் இங்கிலாந்தில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வின்னிங்டன் ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவை மிக அதிக அழுத்தத்தில் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. கலத்தில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். இரண்டாம் உலகப்போரில் அது ரேடார் கருவிகளின் கேபிளுக்கு உறையாகப் பயன்பட்டது. போர் முடிந்ததும் இதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற தேடல் தொடங்கியது.

அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் எமரி மையர்ஸ் எம்மர்ட்டுக்குப் பசுமைக்குடில் வேண்டும், ஆனால் கண்ணாடிக்குப் பணம் இல்லை. 1948இல் மரச்சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் பார்த்தார். பிறகு பாலித்தீனுக்கு மாறினார். செடிகள் நன்றாகவே வளர்ந்தன. பாத்திகளின் மேல் தாழ்வாகப் போர்த்துவதையும், மண்ணை பிளாஸ்டிக் தாளால் மூடுவதையும் அவர் சோதித்து எழுதினார். விவசாயத்தில் பிளாஸ்டிக்கின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

பிளாஸ்டிக் தாள் மலிவு, ஆனால் துவளும். தானாக நிற்காது, செடி மேல் அப்படியே படிந்துவிடும். இங்கேதான் வளையம் வருகிறது. நம்மூர் கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பிளாச்சுகளை வளைத்து, மேலே பாய் போர்த்தியிருப்பார்கள். அதே தத்துவம்தான். பாத்தியின் இரண்டு பக்கமும் முனைகளை மண்ணில் குத்தி வரிசையாக வளையங்கள் நட்டு, மேலே தாளை இழுத்துவிட்டு, ஓரத்தில் மண் போட்டால் முடிந்தது. வளைவாக இருப்பதால் காற்று தழுவிப் போகும், மழையும் பனியும் வழிந்துவிடும். ஜப்பானில் மூங்கிலை வளைத்தார்கள். மத்திய தரைக்கடல் நாடுகளில் முலாம்பழத்துக்கும் ஸ்ட்ராபெரிக்கும் கம்பி வளையங்கள் பரவின. ‘லோ டனல்’ என்று இன்று சொல்லப்படும் தாழ்குடில் இதுதான்.

இதைக் கடும்பனி நாட்டு வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு எலியட் கோல்மன் என்ற விவசாயிக்கு உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில் 1968இல் 60 ஏக்கர் காட்டு நிலம் வாங்கினார். விற்றவர்கள் எழுத்தாளர்களான ஹெலன், ஸ்காட் நியரிங் தம்பதி. தாங்கள் முன்பு வாங்கிய விலைக்கே, ஏக்கர் 33 டாலருக்குக் கொடுத்தார்கள். கோல்மன் உலக வரைபடத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மெய்ன் 44 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. தென் பிரான்ஸும் அதே 44 டிகிரிதான்! அங்கே குளிர்காலத்திலும் கீரை விளைகிறது. அப்படியானால் மெய்னில் சூரிய ஒளி குறைவில்லை, குளிர்தான் தடை. 1996 ஜனவரியில் பிரான்ஸுக்கே போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.

அவர் பிரபலமாக்கிய வளையத்துக்கு மூலப்பொருள் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைத்தது. வயரிங் வேலைக்குப் பயன்படும் அரை அங்குல இரும்புக் குழாய், பத்தடி நீளம். அதை அரைவட்டமாக வளைத்தால் ஆறடி அகலப் பாத்தியை மூடலாம். பி.வி.சி. குழாயில் செய்தவர்களும் உண்டு. அது கையாலேயே வளையும், ஆனால் ஈரப்பனியின் கனத்தில் படுத்துவிடும். வெயிலில் சூடேறும் பி.வி.சி. தன்னைத் தொடும் பாலித்தீனையும் சீக்கிரம் கெடுக்கும். இரும்புக் குழாயை முழங்காலில் வைத்து அழுத்தினால் நசுங்கி மடியும். அதற்கும் வழி உண்டு. ஒரு ஒட்டுப்பலகையில் அரைவட்டம் வரைந்து, அந்தக் கோட்டில் மரக்கட்டைகளை ஆணியடித்து, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் அணைத்து வளைக்க வேண்டும். ஒரு வளையம் நிமிடங்களில் தயார்.

ஒரு முக்கியமான சிக்கலும் உண்டு. பாலித்தீன் வெப்பக் கதிர்களைத் தடுக்காது. மேகமில்லாத இரவில் மண்ணின் சூடு தாள் வழியே வெளியேறி, சில சமயம் உள்ளே வெளியைவிடக் குளிராகக்கூட ஆகிவிடும். தாளின் உள்பக்கம் படியும் நீர்த்துளிகள்தான் ஓரளவு காப்பாற்றுகின்றன. அதனால்தான் 1980களில் பரவிய மெல்லிய நெய்யாத துணியை முதலில் போர்த்தி, கடுங்குளிர் வரும்போது அதன்மேல் பாலித்தீனைப் போடுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் செடி குளிர்காலத்தில் வளருமா என்றால், பெரும்பாலும் வளராது. மெய்னில் நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. அப்போது வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். பலரும் ஏமாறும் இடம் இதுதான், டிசம்பரில் விதைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆகஸ்டு, செப்டம்பரிலேயே விதைத்து, நாள் சுருங்கும் முன் வளர்த்துவிட வேண்டும். பிறகு அந்தக் குடில் உயிருள்ள செடிகளை வைத்திருக்கும் குளிர்பெட்டி மாதிரி. பாலக்கீரையும் லீக் வெங்காயமும் பனிக்கு நடுவே பறிக்கக் கிடைக்கும். கேரட் குளிரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொண்டு கூடுதலாக இனிக்கும்.

தாளின் ஆயுள்தான் குறைவு. புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த பசுமைக்குடில் தாள் மூன்று நான்கு வருடம் வரும். கட்டிட வேலைக்கு விற்கும் சாதாரணத் தாள் ஒரு பருவத்திலேயே பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கும், பொறுக்கி எடுக்கவும் முடியாது. மண் ஒட்டிய பழைய தாளை மறுசுழற்சிக்கு வாங்க ஆள் கிடைப்பது சிரமம். வசந்தம் வந்ததும் தோட்டக்காரர்கள் தாளைச் சுருட்டிக் கொட்டகைக்குள் வைக்கிறார்கள், கிழிந்ததைக் குப்பையில் போடுகிறார்கள். வளையங்களைப் பிடுங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வேலியோரம் சாய்த்து வைக்கிறார்கள். அவை அடுத்த நவம்பர் வரை அங்கேயே கிடக்கும்.