வழக்கில் தோற்று விளையாட்டை மாற்றியவர் - கர்ட் ஃபிளட்

அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்கள் இன்று கோடிக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பிடித்த அணிக்குப் போகிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் இந்த உரிமை யாருக்கும் கிடையாது. அதற்காக நீதிமன்றம் போனவர் கர்ட் ஃபிளட். அவருக்கு அதனால் கிடைத்த பலன் என்ன தெரியுமா? ஒன்றுமே இல்லை!

1938-ல் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் பிறந்த ஃபிளட், கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வளர்ந்தார். கறுப்பினத்தவர். 1956-ல் சின்சினாட்டி ரெட்ஸ் அணி அவரை எடுத்து, பயிற்சிக்காகத் தென் மாநிலங்களில் உள்ள சிறிய அணிகளுக்கு அனுப்பியது. நிறவெறி உச்சத்தில் இருந்த காலம் அது. ஒரே அணியில் ஆடினாலும் வெள்ளைக்கார வீரர்களோடு ஒரே உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

1958 முதல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 12 சீசன்கள் ஆடினார். பந்தைப் பிடிப்பதில் மன்னன். சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருதை 1963 முதல் 1969 வரை தொடர்ந்து 7 முறை வாங்கினார். 1966 சீசன் முழுவதும் ஃபீல்டிங்கில் ஒரு பிழைகூட செய்யவில்லை. 1964, 1967 என இரண்டு முறை அவர் அணி உலகத் தொடரை வென்றது.

1969 அக்டோபரில் ஒரு நாள் அதிகாலை போன் வந்தது. அவரை பிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டார்களாம்! யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது எல்லா ஒப்பந்தங்களிலும் தக்கவைப்பு விதி என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் அணி அதை மேலும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். அந்த வருடம் முடிந்தால் மறுபடியும் நீட்டிக்கலாம் என்று முதலாளிகள் அர்த்தம் சொன்னார்கள். ஆக, வீரர் ஆயுள் முழுக்க அந்த அணிக்கே சொந்தம். விற்றால் போக வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தை விட வேண்டும். வேறு தொழிலில் இப்படிச் செய்தால் ஏகபோகத் தடைச் சட்டம் பாயும். ஆனால் பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே அல்ல என்று 1922-லேயே உச்ச நீதிமன்றம் விலக்கு கொடுத்திருந்தது.

1969 டிசம்பர் 24 அன்று லீக் ஆணையர் போவி குன்னுக்கு ஃபிளட் கடிதம் எழுதினார். தான் வாங்கி விற்கப்படும் சொத்து அல்ல என்பதே அதன் சாரம். குன் மறுத்தார். வழக்கு தொடர்ந்தால் தோற்பாய், ஆட்ட வாழ்க்கையும் போய்விடும் என்று வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் முன்பே எச்சரித்திருந்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கியவர் அடிமையா என்று பலர் கேலி செய்தார்கள். நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார் ஃபிளட்.

விசாரணையில் ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். ஆனால் அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. தங்கள் வேலை போய்விடும் என்ற பயம்.

ஃபிளட் 1970 சீசன் முழுவதும் ஆடவில்லை. 1971-ல் வாஷிங்டன் அணிக்கு 13 ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு விலகி, ஸ்பெயினுக்குப் போய்விட்டார். 1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பால் வணிகம்தான் என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகள், பழைய விலக்கை நாடாளுமன்றம்தான் நீக்க வேண்டும் என்று கைகழுவிவிட்டார்கள்.

ஆனால் அவர் போட்ட விதை முளைத்தது. 10 வருடம் ஆடி, அதில் கடைசி 5 வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்ற விதி 1973-ல் வந்தது. இந்த விதி 1969-ல் இருந்திருந்தால் ஃபிளட்டை யாரும் அசைத்திருக்க முடியாது! 1975 டிசம்பர் 23 அன்று, மெஸ்ஸர்ஸ்மித், மெக்னாலி என்ற இரு வீரர்களின் வழக்கில், தக்கவைப்பு ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். ஃபிளட் கடிதம் எழுதி ஆறு வருடம் நிறைய ஒரே நாள் பாக்கி.

1997 ஜனவரியில், 59 வயதில், தொண்டைப் புற்றுநோயால் ஃபிளட் காலமானார். அடுத்த வருடம் லீக் வீரர்களுக்கும் ஏகபோகத் தடைச் சட்டத்தின் பாதுகாப்பைத் தரும் சட்டம் வந்தது. அதன் பெயர் கர்ட் ஃபிளட் சட்டம்.

மரம் வைத்தவர் ஒருவர், பழம் சாப்பிட்டவர்கள் வேறு. ஆனால் பழம் கிடைக்காது என்று தெரிந்தேதான் அவர் மரம் வைத்தார்.