பனிக்கால அவரை: ஒரு கொடியின் சமூக வரலாறு

தோட்டக்கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசரது பூங்காவையோ காலனித்துவ அதிகாரிகளின் மலர்த்தோட்டத்தையோ தொடக்கமாகக் கொள்வது வழக்கம். வெப்பநாடுகளிலே பனிக்காலத்திற் பூக்கும் கொடிகளைப் பற்றிய நோக்கும் இதற்கு விலக்கன்று. அழகுக்காக வளர்க்கப்பட்ட கொடி வரலாறு பெறுகின்றது. உணவுக்காக வளர்க்கப்பட்ட கொடி அதற்குப் புறம்பே நிற்கின்றது. அவரையை முன்னிறுத்தி இந்நோக்கினை நாம் மறுபரிசீலனை செய்ய முற்படுகின்றோம்.

அவரையின் காட்டு மூதாதை ஆபிரிக்காவுக்குரியது. தென்னிந்தியப் புதிய கற்கால வாழிடங்களிலே கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டளவில் அதன் விதைகள் காணப்படுகின்றன. மரபுவழிக் கொடியவரை குறும்பகற் பயிராகும். தமிழகத்தில் ஆடியில் ஊன்றப்படும் விதை மழையில் தழைத்துப் பந்தலிற் படரும். ஆயினும் பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும். வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்களின் துணையால் அது மண்ணுக்கு நைதரசனையும் சேர்க்கின்றது.

இவ்வுழவறிவு இலக்கியத்திலும் பதிவாகியுள்ளது. தொல்காப்பியம் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்குரிய பொழுதுகளாக வகுத்தது. கடுவன் மள்ளனார் பாடிய குறுந்தொகை 82ஆம் செய்யுளிலே, குறவனின் புனத்தில் தினைக்குப் பின் மறுவிளைவாக நிற்கும் அவரை பூக்கும் பனிக்காலமே தலைவன் வாராமையின் அளவுகோலாகின்றது. 240ஆம் செய்யுளில், வாடை வீசும் பொழுதிற் புதரேறிய அவரை முல்லையுடன் மலர்கின்றது. அதனைப் பாடியவர் கொல்லன் அழிசி. பெயரே ஒரு தொழிலைச் சுட்டுகின்றது.

இம்மலர்களை இயற்கை வருணனையென்றும் கருப்பொருளென்றும் கூறி அமைவோர், அவற்றின் பின்னுள்ள உழைப்பைக் காணத் தவறுகின்றனர். தலைவியின் பிரிவுத்துயர் நாட்கணக்கால் அன்று, ஒரே புனத்தின் இரண்டாம் விளைவால் அளக்கப்படுகின்றது. அகவுணர்வுக்கு உற்பத்தியே நாட்காட்டியாக அமைந்தது என்பதே நாம் இங்கு வலியுறுத்துவது.

இருபதாம் நூற்றாண்டிற் பரப்பப்பட்ட செடியவரை இனங்கள் பல, பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாது பூப்பவை. பந்தலும் வேண்டா, பனியும் வேண்டா. சந்தைக்கு ஆண்டு முழுவதும் காய் கிடைப்பது முன்னேற்றமே. அதனை மறுத்துப் பழமைக்கு ஏங்குவது நமது நோக்கமன்று. ஆயின் வீட்டிற் காயவைத்துப் பேணிய விதை விலைப்பொருளாக மாறுமிடத்து, எப்போது விதைப்பது என்ற அறிவும் உழைப்போரின் கையைவிட்டு நழுவுகின்றது. ஆகவே, விதை யாருடையது என்ற வினாவைத் தவிர்த்துவிட்டுத் தோட்டத்தின் வரலாற்றை எழுதுதல் இயலாது.