ஒரே காடு, பல வேடர்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து வேட்டை ஒழுங்கு பற்றிய ஓர் ஆய்வு

வேட்டையைப் பற்றி எழுதுவோர் வேடனுக்கும் விலங்குக்கும் உள்ள உறவைப் பேசுவார்கள். அல்லது வேடனுக்கும் அரசுக்கும் உள்ள வழக்கைப் பேசுவார்கள். ஒரே நிலத்தில் பிழைத்த வேடர்கள் தமக்குள் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற கேள்வி இவ்விரண்டுக்கும் நடுவே விடுபட்டுப்போகிறது. அடிபட்ட விலங்கு அடுத்தவர் எல்லைக்குள் போய் விழுந்தால் அது யாருக்கு? இருவர் அம்பும் தைத்த பன்றி யாருடையது? இறைச்சியில் யார் யாருக்குப் பங்கு? ஆயுதம் ஏந்தியவர்களிடையே இத்தகைய பூசல் உயிர்ப்பலியில் போய் முடியும். ஆகவே வேடர்களிடையே நிலவிய மரியாதையை வெறும் உபசாரமாகக் கருதாமல், எழுதப்படாத சட்டமாகவே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தச் சட்டத்தின் அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வோர் அம்புக்கும், ஒவ்வொரு கண்ணிக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இதை ஆராய ஆர்.கே.பேட்டை வட்டாரம் பொருத்தமான களம். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, பாறைக் குன்றுகளும் முட்புதர்க் காடும் ஏரிப்பாசன வயல்களும் நிலக்கடலைக் கொல்லைகளும் அடுத்தடுத்துக் கிடக்கும் பகுதி இது. சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஊர்ப்பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே வரும். வேடர் நினைவும் இங்கே அடர்த்தியானது. வடக்கே கண்ணப்பரின் காளத்தி. மேற்கே வள்ளி பிறந்ததாகச் சொல்லப்படும் வள்ளிமலை. அவளை மணந்த முருகன் அமர்ந்த இடமாகத் திருத்தணி.

1. கேட்டு நுழைதல்

வள்ளி கதையை மேடையில் நடிக்கும்போது, வேடன் கோலத்தில் வரும் முருகன், தான் துரத்தி வந்த மானைக் கண்டதுண்டா என்று தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் கேட்கிறான். இது பழைய அகமரபின் தொடர்ச்சி. தொல்காப்பியக் களவியல், தலைவன் பேச்சைத் தொடங்கும் வழிகளில் ஒன்றாக, இழந்த பொருளைப் பற்றி வினவுவதையும் சொல்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் நாய்களோடு வரும் தலைவன் தப்பிய விலங்கைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறான்.

உரையாசிரியர்கள் இதைக் காதலுக்கான சாக்காகவே விளக்குவார்கள். அது சரியே. ஆனால் சாக்கு எடுபட வேண்டுமானால், அது ஊரார் ஏற்கும் நடத்தையாக இருந்தாக வேண்டும். அடிபட்ட விலங்கைத் தேடி அயலான் ஒருவன் புனத்துக்குள் வந்தால் அவன் நின்று, அங்கிருப்பவரிடம் கேட்க வேண்டும் என்ற வழக்கம் நிலவியிருந்தால்தான் தலைவனின் கேள்வி இயல்பாகப்படும். கேட்காமல் நுழைபவன் திருடனாகவோ பகைவனாகவோ கருதப்பட்டிருப்பான். காதல் பாட்டு தன்னையறியாமல் வேட்டை வழக்கொன்றுக்குச் சாட்சி சொல்கிறது.

2. முதற்குறியும் முதலடியும்

இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து நடத்தும் வழக்கம் உண்டு. அதில் மக்கள் பெரிதும் காத்திருக்கும் நிகழ்ச்சி அருச்சுனன் தபசு. அருச்சுனன் வேடமிட்டவர் நெடிய தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் திருநீறும் வீசுவார். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். அந்தத் தவத்தின் முடிவில் வருவதோ ஒரு வேட்டை வழக்கு. பன்றி ஒன்று பாய்ந்து வருகிறது. வேடுவனாக வந்த சிவனும் அருச்சுனனும் அதன்மேல் அம்பு விடுகிறார்கள். இருவரும் உரிமை கொண்டாடிச் சண்டையிடுகிறார்கள்.

வடமொழிப் பாரதத்தில் இவ்வழக்கின் இரு தரப்பும் தெளிவாக உள்ளன. முதலில் குறிவைத்தவன் நானே, ஆகவே பன்றி என்னுடையது என்கிறான் வேடுவன். அருச்சுனனோ, நீ என்னிடம் வேட்டை அறத்தை மீறி நடந்தாய் என்று குற்றம் சாட்டுகிறான். அப்படி ஓர் அறம் உண்டு, அது இருவருக்கும் பொது என்பதை இருவருமே ஒப்புக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்.

இதே வழக்கு 1805இல் நியூயார்க் நீதிமன்றத்துக்கும் வந்தது. போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டிருக்க, பியர்சன் என்பவர் இடையில் புகுந்து அதைக் கொன்று எடுத்துச் சென்றார். துரத்துவது மட்டும் உரிமை தராது என்று பெரும்பான்மை நீதிபதிகள் பியர்சனுக்குத் தீர்ப்பளித்தனர். மாறுபட்ட நீதிபதி லிவிங்ஸ்டன், இதை வேட்டைக்காரர்களின் வழக்கத்துக்கே விட்டிருக்க வேண்டும் என்று எழுதினார். பாரதத்துக்கு நெருக்கமானது லிவிங்ஸ்டனின் கருத்தே. யார் கொன்றது என்பதை யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லலாம்; யாருக்கு உரியது என்பதை அந்நிலத்து வேடர்களின் பொதுவழக்கே சொல்ல முடியும்.

3. பங்கும் பொறுமையும்

உரிமைப் பூசலைத் தணிக்கும் வலிமையான வழி பங்கீடு. தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நாய்களோடு புதரை அடித்துக் கலைத்து, வேலியாக வலைகளைப் பிணைத்துக் கட்டி, முயல்களை வளைத்துப் பிடித்துக் கூடி உண்ணும் கானவரைக் காட்டுகிறது. வலை பலருடையது; வளைத்தவர் பலர்; உணவும் பலருக்கு. நற்றிணைப் பாடலொன்றில் கானவன் எய்த முள்ளம்பன்றியின் இறைச்சியைக் கிழங்கோடு சேர்த்துச் சிற்றூர் முழுவதற்கும் பகிர்கிறாள் கொடிச்சி. ஆப்பிரிக்கக் கலகாரியின் சான் மக்களிடையே இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவனுக்குப் போவதில்லை. அம்புக்கு உடையவனுக்கே போகிறது. அம்புகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதால், பங்கிடும் பெருமையும் சுற்றி வருகிறது.

பங்கீட்டைவிடக் கடினமானது பொறுமை. கண்ணப்பரின் வேட்டையை விவரிக்கும் சேக்கிழார், அவ்வேடர்கள் கன்றுகளையும் குட்டிகளையும் சினைப்பட்ட விலங்குகளையும் கொல்லாமல் விட்டதைச் சொல்கிறார். இதை விலங்கின்மேல் கொண்ட இரக்கமாக மட்டும் படிப்பது போதாது. நான் விட்ட சினைமானை மறுநாள் இன்னொருவன் வீழ்த்தினால் என் பொறுமை வீண். எல்லோரும் விடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவன் விடுவான். விலங்குக்குக் காட்டிய கருணை, வேடர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கின் மேல் நின்றது.

4. இரைப் பிரிவினை

பூசலை முளையிலேயே தவிர்க்கும் வழி ஒன்றும் உண்டு: ஒரே நிலத்தில் வெவ்வேறு இரையைத் தேடுவது. மகாராட்டிரத்தை ஆராய்ந்த மாதவ் காட்கிலும் கைலாஷ் மல்ஹோத்ராவும் 1983இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரே பகுதியில் திரிந்த மூன்று குடிகளைக் காட்டினார்கள். பாஸ் பார்திகள் கண்ணி வைத்து மானும் பறவையும் பிடித்தார்கள். வைதுக்கள் சிறு ஊனுண்ணிகளையும் நீர்வாழ் உயிர்களையும் தேடினார்கள். நந்திவாலாக்கள் நாய்களை வைத்துப் பன்றி, முள்ளம்பன்றி, உடும்பு ஆகியவற்றை வேட்டையாடினார்கள்.

வட தமிழகத்தில் இருளரையும் நரிக்குறவரையும் இக்கண்ணோட்டத்தில் பார்க்கலாம். இருளரின் திறமை வளையைச் சார்ந்தது. அறுவடை முடிந்த வயல் வரப்பில் புதுமண் கிளறிய வாயைக் கண்டுபிடித்து, மற்ற வாய்களை மண்ணால் அடைத்து, வைக்கோல் திணித்த சட்டியில் நெருப்பிட்டு ஊதிப் புகையேற்றுவார்கள். பிறகு கடப்பாரையால் தோண்டி எலியையும், அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பார்கள். நரிக்குறவரின் கைத்திறன் நரி, காட்டுப்பூனை, கவுதாரி, காடை ஆகியவற்றைக் கண்ணியாலும் வலையாலும் நாட்டுத் துப்பாக்கியாலும் பிடிப்பதில் இருந்தது. ஒருவர் மண்ணுக்கடியில் தேட, மற்றவர் புதரிலும் வானிலும் தேடினார். அடைத்து வைத்த வளைவாய்களே பின்னால் வருபவருக்கு இங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

5. சட்டம் காணத் தவறியது

1877இல் நீலகிரியில் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். 1879இல் வேட்டைப் பருவமும் உரிமமும் சட்டமாயின. அவர்கள் தமக்குள் கண்ட ஒழுங்குக்கு அரசு முத்திரை கிடைத்தது. இங்குள்ள வேடர் குடிகளின் ஒழுங்குக்குக் கிடைத்ததோ வேறு. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் காட்டுக்குள் நுழைவதையே கட்டுப்படுத்தியது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், அலைந்து பிழைத்த பல குடிகளின் நடமாட்டத்தைக் காவல்நிலையப் பதிவேட்டுக்குள் அடைத்தது. எந்தக் கூட்டம் எப்போது எங்கே போகும் என்ற பழைய முறை, போக அனுமதி உண்டா என்ற கேள்வியால் குலைந்தது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெரும்பாலும் தடுத்தது. 2006இன் வன உரிமைச் சட்டமும் வேட்டையுரிமையை வெளிப்படையாக விலக்கியே வைத்தது.

1972ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. துப்பாக்கியும் தோல் வணிகமும் சந்தை விலையும் நுழைந்தபின் பழைய வாக்குறுதிகள் தாங்கவில்லை. மறுக்க வேண்டியது வேறு ஒன்றை: வேடர்களிடம் கட்டுப்பாடே இருந்ததில்லை, காவலர் மட்டுமே காட்டைக் காப்பார் என்ற முடிவை.

6. பாம்பின் வயிற்றில் ஓர் அடையாளம்

வேடர்களிடம் கட்டுப்பாடு உண்டு என்பதற்குக் கைமேல் சான்று இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் நின்று பிழைப்பிழந்த இருளர்கள், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கை அரசு தரும் அனுமதி எண்ணிக்கைக்குள் பிடித்து, சில வாரம் வைத்து, நஞ்செடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விடுமுன் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டால் அடையாளமிடுகிறார்கள். சில முறை சட்டை உரித்தபின் அது மறைந்துபோகும். அதுவரை, வேறோர் ஊரில் வேறோர் இருளர் அந்தப் பாம்பைக் கண்டால், முகமறியா ஒருவர் ஏற்கெனவே நஞ்செடுத்துவிட்டார் என்று அறிந்து விட்டுவிடுவார். சேக்கிழார் காட்டிய பொறுமை இங்கே செதிலில் பதிவாகி, சரிபார்க்கத் தக்கதாகிவிட்டது. 2023இல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாடு பாராட்டியது அவர்களின் துணிவை. அதற்கு நிகராகப் பாராட்டத்தக்கது அவர்கள் சமூகம் நடைமுறையில் காத்த இவ்வொழுங்கு.

7. முடிவுரை

இன்றைய ஆபத்து வேடனிடமிருந்து வரவில்லை. ஆளில்லாத கருவியிலிருந்து வருகிறது. காட்டுப்பன்றிக்காக இரவில் மின்சாரம் பாய்ச்சிய கம்பியும், தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயும் சினையையும் குட்டியையும் பிரித்தறியா. யானையும், வயலுக்குப் போன மனிதரும் அவற்றுக்குப் பலியாகிறார்கள். வைத்தவர் அங்கே இருப்பதில்லை. பின்னர் பதில் சொல்லவும் வருவதில்லை. கேட்டு நுழைதல், முதற்குறியை மதித்தல், பங்கிடல், பொறுத்தல் ஆகிய நான்கும் ஒரே வீச்சில் மீறப்படுகின்றன.

ஆகவே இரண்டு பணிகள் நம்முன் உள்ளன. இருளர், நரிக்குறவர் முதியோரிடமிருந்து நிலப்பிரிவினை, பங்கீடு, தண்டம் பற்றிய வழக்குகளை வழக்காற்றியல் துறைகள் தொகுக்க வேண்டும். நினைவில் வைத்திருக்கும் தலைமுறை குறைந்துவருகிறது. பயிர்ச்சேதத்தையும் கள்ளவேட்டையையும் கையாளும்போது வனத்துறை இக்குடிகளைச் சந்தேகத்துக்குரியோராகப் பார்ப்பதை விட்டு, வடநெம்மேலியைப் போலப் பொறுப்பேற்கும் கூட்டுறவுகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கொருவர் பதில் சொல்லப் பழகிய சமூகத்தால் காட்டுக்கும் பதில் சொல்ல முடியும்.