கொத்தனார் போட்ட கோடு

மீஞ்சூர்ல ரயிலேறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போற பசங்க பல பேருக்கு இந்தப் படம் பழக்கமா இருக்கும். வட்டம்னா வேலை, அம்புன்னா நகர்த்தல், சதுரம்னா சோதனை, ஆங்கில 'டி' எழுத்துன்னா காத்திருப்பு, தலைகீழ் முக்கோணம்னா ஸ்டோர். ப்ராசஸ் சார்ட்!

இதோட மூலவர் ஒரு கொத்தனார்ங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். அமெரிக்காவுல ஃப்ராங்க் கில்பிரெத், 1885ல 17 வயசுல செங்கல் வேலைக்குச் சேர்ந்தார். ஆளாளுக்கு ஒரு மாதிரி கல்லு வைக்கிறாங்களேன்னு கவனிக்க ஆரம்பிச்சார். ஒரு கல்லுக்கு 18 அசைவு ஆகுறதை 5 ஆக்கினார். குனிஞ்சு குனிஞ்சு கல்லெடுக்க வேண்டாம்னு உயரம் மாத்துற சாரமும் செஞ்சார். (நம்ம ஊர் சித்தாளுங்களுக்கு இன்னும் அந்தக் குடுப்பினை வரலை.) மனைவி லில்லியனோட சேர்ந்து 1921ல ப்ராசஸ் சார்ட்டை அமெரிக்க மெக்கானிகல் இன்ஜினியர்கள் சங்கத்துல வெச்சார். 1924ல ஃப்ராங்க் போயிட்டார். லில்லியன் விடலை, 1972 வரைக்கும் இருந்தாங்க. மேல சொன்ன ஐந்து குறிகளை அந்தச் சங்கம் 1947ல தரமாக்குச்சு.

ஆனா பென்சில் யார் கையிலங்கிறதுதான் கேள்வி. டெய்லர் வழியில ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு பின்னாடி நின்னப்போ, 1911ல வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்துட்டாங்க. நம்ம நாட்டுலயும் அதே கதைதான். 1952ல ஐ.எல்.ஓ. குழு உற்பத்தித்திறன் சொல்லிக் கொடுக்க வந்தது. 1955ல கான்பூர் பஞ்சாலைக்காரங்க 'சீரமைப்பு'ன்னு சொல்லி ஆளைக் குறைக்கிறாங்கன்னு 80 நாள் ஸ்டிரைக் பண்ணாங்க. 1958ல தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் வந்துச்சு. பயம் நியாயமானதுதான். வட்டத்தை அழிச்சா சில சமயம் ஆளும் சேர்ந்து அழிவான்.

ஆலன் மோகன்சன் இதைத் திருப்பிப் போட்டார். வேலை செய்யறவனுக்குத்தான் அந்த வேலை தெரியும், அவனுக்கே சார்ட் போடக் கத்துக் கொடுங்கன்னார். 1937ல லேக் பிளாசிட்ல வகுப்பே ஆரம்பிச்சார். நம்ம பாடி சுந்தரம் கிளேட்டன் 1998ல டெமிங் பரிசு வாங்கின முதல் இந்தியக் கம்பெனி. அந்தப் பரிசுக்குப் பின்னாடி இருக்கிற டி.க்யூ.எம்.முக்கும் எல்லா மட்டத்து ஆளுங்களும் பங்கெடுக்கணும்ங்கிறதுதான் அடிப்படை.

மீஞ்சூர் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறையில இதை நேர்ல பார்த்தேன். சூப்பர்வைசர் போட்ட சார்ட்டுல எல்லாம் அழகா நேர்க்கோடு. ஹெல்பர் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அண்ணே, அளவு பார்க்கிற கேஜ் ஆபீஸ் பீரோவுல பூட்டியிருக்கு. ஒவ்வொரு பீஸுக்கும் போய் சாவி கேக்கணும்"னான். அவனையே பென்சில் பிடிக்கச் சொன்னோம். மூணு அம்பு, ரெண்டு 'டி' புதுசா முளைச்சுது! கேஜ் இப்போ லேத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்குது.