புலனுணர்வு

ஒளி, ஒலி, மணம், சுவை, அழுத்தம், வெப்பம் போன்ற தூண்டல்களை உடலின் ஏற்பிகள் நரம்புத் துடிப்புகளாக மாற்றி அனுப்ப, மூளை அவற்றுக்குப் பொருள் காண்பதே புலனுணர்வு. புதுக்கோட்டை மாவட்டத்தில் பாக் நீரிணையை ஒட்டிய மணமேல்குடி போன்ற மீன்பிடி ஊரில் இதைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. கருவாடு காயும் இடம் போதும்.

கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்னும் பொருள் உண்டு. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. மீன்வாடை என்று நாம் சொல்வது பெரிதும் இதைத்தான். அதன் மூலக்கூறுகள் மூக்கின் உச்சியிலுள்ள மெல்லிய சவ்வில் படிந்து ஏற்பிகளோடு இணைகின்றன. உடனே உயிரணுவின் வாயில்கள் திறக்க, சோடியம், கால்சியம் அயனிகள் உள்ளே பாய்ந்து மின்துடிப்பு பிறக்கிறது. மனிதருக்குச் சுமார் 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. இவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் வழியே பெருமூளைப் புறணிக்குப் போக, மணம் மட்டும் அந்த இடைவழியில் நிற்காமல் நேரே போகிறது.

வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்தும் இடத்தில் கருவாடு புரட்டுபவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பார். அவர் மூக்கு கெட்டுவிடவில்லை. மல்லிகைச் சரத்தை நீட்டினால் சட்டென்று தெரியும். உள்ளே புகுந்த கால்சியமே ஏற்பியின் வேகத்தை அடக்கிவிடுகிறது. மாறாத வாடையை மூளையும் கண்டுகொள்வதில்லை. புலன்கள் இருப்பதைவிட மாறுவதையே அதிகம் சொல்கின்றன. இருட்டில் கடலுக்குப் போகிறவரின் கண் முழுதாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். ஒரு டார்ச் வெளிச்சம் அதை நொடியில் கலைத்துவிடும்.

மீன்குழம்பின் காரம் சுவையே அல்ல. மிளகாயின் கேப்சைசின், 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் ஏற்பியைத் தூண்டுவதால் நாக்கு எரிகிறது. டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் அந்த ஏற்பியை அடையாளம் கண்டது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களைத் தொடு உணர்விலிருந்து தொடங்கி, சுவை, மணம், காட்சி, கேள்வி, மனம் என அறிவால் ஆறாக வகுக்கிறது. அந்த வரிசையில் சமநிலைக்குத் தனியிடம் இல்லை. உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்களும், அருகே சிறு சுண்ணாம்புத் துகள்களைத் தாங்கிய இரு பைகளும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. படகின் உட்பக்கத்தையே பார்த்திருப்பவருக்குக் கண் அசைவில்லை என்று சொல்லும், காது ஆடுகிறோம் என்று சொல்லும். இந்த முரணில்தான் குமட்டுகிறது. அடிவானத்தைப் பார்த்திருந்தால் ஓரளவு தணியும்.