முகவரி சொன்ன சுவர்கள்



மதிய வகுப்பைக் கட் அடித்துவிட்டு மெரினாவுக்குப் போகாதவர் நம்மில் யார்? உழைப்பாளர் சிலைப் பக்கம்தான் நம் அரட்டைக் கச்சேரி நடக்கும். அந்தச் சிலையின் கதையை மட்டும் யாரும் கேட்டதில்லை.

இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த சிலை அது. 1959இல் நிறுவப்பட்டது. அதில் மன்னரும் இல்லை, மகானும் இல்லை. பாறையை நெம்பித் தள்ளும் நான்கு தொழிலாளர்கள்தான். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். அந்த மண்ணின் கதையே அங்கு வெண்கலமாக நிற்கிறது என்பது எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது.

அதே கடற்கரைச் சாலையில், 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த கண்ணகி சிலையும் இருக்கிறது. அவள் பெயரில் ஒரு குடியிருப்பு 2000ஆம் ஆண்டுவாக்கில் துரைப்பாக்கத்தில் உருவானது. கூவம், அடையாறு ஓரத்துக் குடிசைகளில் இருந்தவர்களைக் குடிசை மாற்று வாரியம் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. 2004 சுனாமிக்குப் பிறகு மீனவக் குடும்பங்களும் வந்தன.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கூவக்கரைப் பையன். இறுதியாண்டில் அவன் வீடும் அங்கே போயிற்று. இரண்டு பஸ் மாறி வருவான். வேலைக்கு மனுப் போடும்போது மட்டும் மாமா வீட்டு முகவரியை எழுதுவான். "கண்ணகி நகர்னு பார்த்தாலே ஓரமா வச்சிடறாங்கடா" என்பான். நானும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

2020 தொடக்கத்தில் போன் வந்தது. "வாடா, எங்க ஏரியாவை வந்து பாரு!"

போனேன். ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து, அடுக்கு வீடுகளின் பக்கச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டியிருந்தது. நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடமாகிவிட்டது அந்தத் தெரு. வெளியே இவர்களுக்குக் கெட்ட பெயர். இங்கே சுவர் முழுக்கச் சிரிக்கும் குழந்தைகளின் முகங்கள்! ஓவியத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மட்டும், "நல்லாத்தான் இருக்கு தம்பி. சுவருக்குப் பெயிண்ட் அடிச்சா குழாய்ல தண்ணி வந்துருமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஓவியம் தண்ணீரும் தராது, வேலையும் தராது.

ஆனால், ஒளித்துவைத்த பெயரை உரக்கச் சொல்ல அது ஒரு தைரியம் தருகிறது. 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய கார்த்திகா, தன்னைக் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே அழைக்கச் சொன்னார். அந்தப் பெருமை அவர் உழைப்பில் வந்தது. சுவர்களால் வந்ததென்று சொன்னால் பாவம். என்றாலும், இரண்டும் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன. என் நண்பனின் மகளும் கல்லூரி விண்ணப்பத்தில் முகவரியை முழுசாக எழுதினாளாம்.

மாணவச் செல்வங்களே, நாளை உங்கள் தெருவில் சுவரோவியமோ சிலையோ வைக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வரலாம். வெளியூர்க்காரர் பார்த்து ரசிப்பாரா என்பது இருக்கட்டும். அந்தத் தெருக்காரர் "இது எங்களோடது" என்பாரா என்று முதலில் கேளுங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் கூடவே கேளுங்கள்.